கம்பாஷனேட்டில் வந்தவள்

ஜீப்பில் ஏறியதிலிருந்து அந்தப் பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள் அஞ்சலாட்சி. கீழே வைத்தால் உருளும், பின்சீட்டில் போட்டால் உடையும், மடியில் வைத்தால் வயிறு எரிகிறது. உள்ளே ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், கொஞ்சம் ஆப்பிள், ரொட்டிப் பாக்கெட். சர்க்கரை ஆலையின் வெல்ஃபேர் ஆபீசர் சச்சிதானந்தம் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தது. கொடுக்கும்போது அந்த மனுஷன் முகத்தை வைத்துக்கொண்டிருந்த அழகைப் பார்க்க வேண்டுமே, சொந்த அக்காள் மகளுக்கு வளைகாப்புச் சீர் அனுப்புகிறவர் தோற்றார். "நீங்க போனாத்தாம்மா காரியம் ஆகும். நாங்க போனா கல்லத் தூக்குறாங்க. நீங்களும் கம்பாஷனேட்ல வந்தவங்கதானே, அந்தப் பொண்ணு உங்க மொகத்தப் பாத்தாலே புரிஞ்சிக்கும்" என்றார். என்னத்தைப் புரிந்துகொள்ளும்? இந்த முகத்தில் என்ன எழுதி ஒட்டியிருக்கிறது? முந்தாநாள் ஆலையின் மொலாசஸ் தொட்டிக்குள், சர்க்கரை எடுத்தபின் மிஞ்சுகிற கறுப்புப் பாகைத் தேக்கி வைக்கிற அந்தப் பாழும் தொட்டிக்குள், விஷவாயு அடித்து தேசிங்கு என்று ஒருத்தன் செத்துப்போனான். உடம்பு பெரியாஸ்பத்திரிப் பிணவறையில் கிடக்கிறது. அவன் பெண்சாதி ரஞ்சனி, கல்யாணமாகி வருஷம்கூடத் திரும்பாத பெண், உடம்பை வாங்கமாட்டேன் என்று வாசலில் உட்கார்ந்துவிட்டாள். ஊர்சனமும் கூடவே உட்கார்ந்துவிட்டது. தொட்டிக்குள் ஆளை இறக்கச் சொன்னது யார், அவன் பேரைப் போலீஸ் எழுதட்டும், அப்புறம் வாங்கிக்கொள்கிறோம் என்கிறார்கள். அஞ்சலாட்சி போய், கையைப் பிடித்து, ஹார்லிக்ஸைக் கொடுத்து, நல்ல வார்த்தை சொல்லி, உடம்பை வாங்க வைக்க வேண்டும். கேட்டோரம் டைம் ஆபீசில் உட்கார்ந்து, உள்ளே வருகிறவனுக்கும் வெளியே போகிறவனுக்கும் வருகை போடுகிற கிளார்க்குக்கு இதுவும் ஒரு வேலை. மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். திறந்த வாய்க்குள்ளேயே சொல் நின்றுபோயிற்று. அது அப்படி நிற்கிறது இன்றைக்கு நேற்றைக்கா.

கம்பாஷனேட். ஆலையில் செத்தவனின் வாரிசுக்குக் கருணை என்று கொடுக்கிற வேலைக்கு அதுதான் பேர். இந்த ஒரு வார்த்தையை எத்தனை வாயில் எத்தனை விதமாகக் கேட்டாயிற்று. சச்சிதானந்தம் சொன்னால் கோயில் குருக்கள் திருநீறு கொடுக்கிற மாதிரி குரலைத் தணித்துச் சொல்வார். கேஷியர் சொன்னால் மூக்கால் சொல்வான். வாட்ச்மேன் அதைச் சுருக்கி, கம்பேசன் கம்பேசன் என்று நாய்க்குட்டிக்குப் பேர் வைத்தமாதிரி கூப்பிட்டுக்கொண்டிருந்தான், ஒருநாள் அஞ்சலாட்சி திரும்பிப் பார்த்த பார்வையில் நிறுத்தினான். பேரே அதுதான் என்றாகிவிட்டது. அந்தக் கம்பாஷனேட்டம்மாகிட்ட குடுங்க. கம்பாஷனேட் இன்னிக்கு லீவாம். டைம் ஆபீசுல ரெண்டு பேரு, ஒருத்தர் டைரக்ட், ஒருத்தர் கம்பாஷனேட். பெற்றவர்கள் ஆசைஆசையாக வைத்த அஞ்சலாட்சி என்ற பேர் ரேஷன் கார்டோடு சரி. ஒரு பொங்கலுக்கு மாம்பழக் கலரில் புடவை கட்டிக்கொண்டு போனாள், என்ன தப்பு, மகள் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. கம்பாஷனேட்டு கல்யாணத்துக்குக் கெளம்பிடுச்சா என்று முதுகுக்குப் பின்னால் ஒரு குரல். இன்னொரு நாள் டீ வேளையில் எதற்கோ வாய்விட்டுச் சிரித்துவிட்டாள், அதற்கு அந்தக் கேஷியர் பார்த்தானே ஒரு பார்வை. தாலி அறுத்து வந்த வேலையில் உட்கார்ந்துகொண்டு இளிப்பு வேறயா என்று வாய் திறக்காமலே கேட்டான். ஆக, சிரித்தால் கருணைக்குப் பங்கம். சண்டை போட்டால் கருணைக்குத் துரோகம். கலர்ப்புடவை கருணைக்கு ஆகாது. மேல் வேலைக்குப் பரீட்சை பாஸ் பண்ணியிருக்கிறேன் சார், எனக்கு ஏன் தரவில்லை என்று கேட்டதற்கு, ஏம்மா, கம்பாஷனேட்ல உள்ள வந்தாச்சு, அதுக்கே நன்றியா இருக்கணும் என்றார் ஒரு பழைய மேனேஜர். நன்றி. யாருக்கு நன்றி? புருஷனை விழுங்கின அந்தத் தொட்டிக்கா? கொன்றவர்கள் அவர்கள். கொன்ற இடத்திலேயே ஒரு நாற்காலியைப் போட்டு, உட்காரம்மா இது எங்கள் கருணை என்றவர்களும் அவர்கள். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறது என்பார்கள், இவர்கள் அதோடு நிற்கவில்லை, ஆட்டின கைக்குப் பிள்ளை முத்தம் கொடுக்கவில்லையே என்று குறையும் பட்டுக்கொள்கிறார்கள்.

"யக்கா, பைய வேணா இப்டி குடுங்க, நான் கதவோரமா சொருகிக்கிறேன்" என்றான் டிரைவர் மாசிலாமணி. வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். காலையில் பெய்த மழைக்கு ரோடு கறுப்பாக மினுங்கியது. கறுப்பாக மினுங்குகிற எதையும் அவளால் கொஞ்ச நேரத்துக்குமேல் பார்க்க முடியாது. கண்ணைத் திருப்பி வயலைப் பார்த்தாள். கரும்பு ஆள் உயரத்துக்குமேல் நிற்கிறது, இன்னும் கொஞ்ச நாளில் அரவை தொடங்கிவிடும், அதற்குள் தொட்டி சுத்தமாக வேண்டும், அதுதான் அவசரம், அதற்குத்தான் ஒரு உயிர். அந்தப் பெண் முகத்தைப் பார்க்கவேண்டும். என்னவென்று ஆரம்பிப்பது? நானும் உன்னை மாதிரிதாம்மா. சீ. அதைச் சொல்லத்தானே அனுப்பியிருக்கிறார்கள். காட்டு யானையை மடக்க இன்னொரு யானையைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள், கும்கி என்று அதற்குப் பேர். அதற்கும் கரும்புதான் கொடுப்பார்களாம். போகமாட்டேன் என்று சொல்லியிருந்தால் என்ன செய்துவிடுவார்கள்? வேலையை விட்டா தூக்கிவிடுவார்கள், நிரந்தர வேலை, சட்டம் இருக்கிறது, யூனியன் இருக்கிறது. தெரியும். எல்லாம் தெரியும். தெரிந்தும் மடியில் பயம். சம்பளத்துக்குச் சேர்ந்தவனுக்கு வேலை அவனுடையது. கருணையில் சேர்ந்தவளுக்கு என்றைக்கிருந்தாலும் அது இன்னொருத்தர் வீட்டுப் பாத்திரம், எப்போது திருப்பிக் கேட்பார்களோ என்று கழுவிக் கவிழ்த்து வைத்தபடியே இருக்கவேண்டும். மகள் பிருந்தாவுக்கு நர்சிங் படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் பாக்கி. சச்சிதானந்தம் அதையும் விடவில்லை, பொண்ணு நல்லாப் படிக்குதாம்மா என்று சரியாகப் பையை நீட்டும்போதுதான் விசாரித்தார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத மாதிரி அத்தனை அக்கறை.

இந்தப் பையும் புதுசில்லை. இதே பை அன்றைக்கு அவள் மடிக்கு வந்தது. பிருந்தா கைக்குழந்தை, பாலுக்கு அழுகிறது, மார்பு கட்டி நோகிறது, இதே பெரியாஸ்பத்திரி, இதே பிணவறை வாசல், உள்ளே புருஷன் கலியபெருமாள். ஆலையிலிருந்து ஃப்ளோரா மேடம் வந்தாள். டைப்பிஸ்ட். அவள் புருஷன் பாய்லரில் வெந்து செத்தவன், அவளும் கம்பாஷனேட்டில் வந்தவள்தான் என்பது அஞ்சலாட்சிக்குப் பின்னால்தான் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். சூடான கை, அந்தச் சூட்டை இன்றைக்கும் மறக்க முடியாது, அத்தனை நேரம் யாரும் அவளைத் தொடவில்லை, எல்லோரும் சுற்றி நின்று அழுதார்களே ஒழியத் தொடவில்லை. "ஒடம்ப வாங்கிக்கம்மா. இந்தப் பச்சப்புள்ளய நெனச்சுக்க. கம்பாஷனேட்ல உனக்கு வேல போட்டுடுவாங்க" என்றாள் ஃப்ளோரா. அஞ்சலாட்சிக்கு அப்போது இங்கிலீஷும் தெரியாது இடமும் தெரியாது. பாய்லரில் வேலை, சாக்கில் வேலை, கேட்டில் வேலை என்று கலியபெருமாள் சொல்லுவானே, அந்த மாதிரி கம்பாஷனேட் என்பதும் ஆலைக்குள் ஒரு இடம் என்று நினைத்துக்கொண்டாள். "அது எந்தப் பக்கங்க்கா இருக்கு? புள்ளையத் தூக்கியாந்தா உள்ள உடுவாங்களா?" என்று கேட்டாள். ஃப்ளோரா மேடம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, ஹார்லிக்ஸ் பாட்டில் மூடியைத் திறக்கிற சாக்கில் திறந்துகொண்டே இருந்தாள். சாயங்காலம் உடம்பை வாங்கிவிட்டார்கள். மறுநாள் சாம்பல். சாம்பல் ஆனதற்கப்புறம் ஒருத்தனும் திரும்பிப் பார்க்கவில்லை, அதுவரை கைகட்டி நின்ற ஆபீசரெல்லாம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். ஏழைக்குப் பேசுகிற வாய் அந்த உடம்பு ஒன்றுதான், அது கிடக்கிறவரைக்கும்தான் கலெக்டரும் வருவான் போலீஸும் வருவான், எடுத்துவிட்டால் முடிந்தது. விசாரணை என்று ஒன்று நடந்தது. மேலதிகாரி அனுமதியில்லாமல் தன் இஷ்டப்படி தொட்டிக்குள் இறங்கியதால் நேர்ந்த விபத்து என்று முடித்தார்கள். ஆயினும் ஆலை நிர்வாகம் கருணை கூர்ந்து. ஆயினும். அந்த ஆயினுமை நினைத்தால் இப்போதும் யார் கழுத்தையாவது பிடிக்கத் தோன்றுகிறது. தப்பு உன் புருஷன்மேல், ஆயினும் நாங்கள் நல்லவர்கள்.

ரயில்வே கேட் போட்டிருந்தது. மாசிலாமணி இஞ்சினை அணைத்தான். பஸ், டூவீலர், ஆட்டோ என்று எல்லாம் வந்து முட்டிக்கொண்டு நின்றன. வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவள் கூடையோடு ஜன்னலுக்கு வந்து, மடியில் இருக்கிற பையைப் பார்த்து, யாருக்கும்மா ஒடம்பு சரியில்ல என்று கேட்டுவிட்டுப் போனாள். அஞ்சலாட்சிக்குத் தேசிங்கு என்ற பேர் காலையிலிருந்தே எங்கேயோ இடித்துக்கொண்டிருந்தது. ஆலையில் நிரந்தர ஆட்கள் அத்தனை பேர் பேரும் அவளுக்கு மனப்பாடம், எதிரே நின்றால் நம்பர் சொல்லுவாள். தேசிங்கு என்று நம்பர் எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. "அந்தத் தம்பி எந்த செக்‌ஷன் மாசிலாமணி?" என்று கேட்டாள். அவன் ரயில் வருகிற திக்கைப் பார்த்துக்கொண்டே, "செக்‌ஷன்லாம் ஏதுக்கா, சின்ன கேட்டு ஆளுதான். உங்களுக்குத் தெரியுமே, நெத்தியில பெரிசா குங்குமம் வெச்சிகினு, காலையில உங்க ஜன்னலாண்ட வந்து யக்கா மணி இன்னான்னு கேட்டுட்டுப் போவான்" என்றான். தெரியும். அந்தக் குங்குமம் தெரியும், மணி கேட்கிற குரல் தெரியும். சுவர் முழுக்கக் கடிகாரம் மாட்டிய ஆபீசில் கேட்கிறானே என்று அவள் ஒருநாள் கடிந்துகொண்டதற்கு, நீங்க சொன்னாத்தாங்க்கா நேரம் நல்லா இருக்குது என்றான். பேர் மட்டும்தான் கேட்டதில்லை. சின்ன கேட் என்றால் கான்ட்ராக்ட். வருகை அவள் போடுவதில்லை, கான்ட்ராக்டர் தலையை எண்ணி உள்ளே விடுவான். "ஒருத்தன் உள்ள மயங்கி உளுந்துட்டான்க்கா. மேல நின்னவனெல்லாம் கயிறு கொண்டா, ஆபீசருக்குப் போன் போடுன்னு கத்திகினு இருந்தானுங்க. இவன் சட்டையக் கழட்டி மூஞ்சியில கட்டிகினு எறங்கிட்டான். அந்த ஆளத் தூக்கி மேல குடுத்துட்டான், அவன் பொழைச்சிகினான். இவனுக்கு ஏற முடியல" என்றான் மாசிலாமணி. ரயில் வந்தது. சத்தத்தில் அவன் அப்புறம் சொன்னது எதுவும் காதில் விழவில்லை.

சின்ன கேட் ஆளுக்குக் கம்பாஷனேட் கிடையாது. இது அவளுக்குத் தெரியும், சச்சிதானந்தத்துக்கு அவளைவிட நன்றாகத் தெரியும். நிரந்தர ஆள் செத்தால்தான் வாரிசுக்கு வேலை, கான்ட்ராக்ட் ஆள் செத்தால் கான்ட்ராக்டரைப் போய்க் கேள் என்பார்கள், கான்ட்ராக்டர் போனை எடுக்கமாட்டான். கருணைக்கும் நம்பர் உண்டு, நம்பர் இல்லாதவனுக்கு அது கண்ணைத் திறக்காது. அப்புறம் எந்த வாயால் அந்த ஆள் சொன்னார், கம்பாஷனேட்ல போட்டுடுவோம்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்கம்மா, சொல்லித்தான் வைங்களேன். சொல்லித்தான் வைங்களேன். அப்போது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. இப்போது ரயில் பெட்டி ஒவ்வொன்றும் அதையே சொல்லிக்கொண்டு போயிற்று. சொல்லித்தான் வைங்களேன், பிறகு யார் கேட்கப்போகிறார்கள். உடம்பு சாம்பலான பிறகு அந்தப் பெண் ஆலை வாசலுக்கு வந்து நிற்கும். டைம் ஆபீஸ் ஜன்னலுக்குத்தான் வரும், வேறு எங்கே போகும், கையைப் பிடித்தவள் அங்கேதானே உட்கார்ந்திருக்கிறாள். யக்கா, வேலை எப்போங்க்கா என்று கேட்கும். அன்றைக்குக் கலியபெருமாளுக்கு முந்தி தொட்டிக்குள் இறங்கி விழுந்தவனும் கான்ட்ராக்ட்தான். அவன் பெண்சாதி கொஞ்ச நாள் ஆலை எதிரே புளியமரத்தடியில் வந்து உட்கார்ந்திருந்தாள், மடியில் சோற்றுத்தூக்கு. அப்புறம் வரவில்லை. அவள் பேர் என்ன? யாருக்கும் தெரியாது. அஞ்சலாட்சிக்கும் தெரியாது. அடப் பாவிகளா, என்னிடமிருந்து புருஷனை வாங்கினீர்கள், பேரை வாங்கினீர்கள், சிரிப்பை வாங்கினீர்கள், மிச்சம் இருந்தது இந்த முகம் ஒன்று, அதையும் தூண்டில் முள்ளில் கோத்துத் தண்ணீரில் விடப் பார்க்கிறீர்களே.

கேட் திறந்தது. வண்டிகள் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நுழைந்து சிக்கிக்கொண்டு, ஆளுக்கொரு ஹாரன் அடித்தார்கள். கலியபெருமாள் எதற்கு இறங்கினான்? அதைத்தானே இத்தனை காலமும் கேட்டுக் கேட்டு மனசு புண்ணாயிற்று. ஷிப்ட் முடிந்து வெளியே வரவேண்டியவன். சைக்கிளை எடுக்கப் போனவன். சோற்றை வடித்து மூடி வைத்துவிட்டு அவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அங்கே எவனோ கத்தினான் என்று சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினான். உள்ளே விழுந்தவன் மாமனா மச்சானா, பேர்கூடத் தெரியாத ஆள். உனக்கென்ன வந்தது, கட்டினவளும் கைக்குழந்தையும் வீட்டில் இருக்கும்போது என்று அவன் படத்தைப் பார்த்து எத்தனை முறை திட்டியிருக்கிறாள். படத்துக்கு மாலை போடாமல் ஒரு வருஷம் கோபமாக இருந்திருக்கிறாள், உறவெல்லாம் ஒரு மாதிரி பேசியது. போன மாசம் பிருந்தா ராத்திரிச் சாப்பாட்டுக்கு முந்தி சத்தம்போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். நர்சுப் பிள்ளைகளுக்கு அதை ஒரு பாடமாகவே வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது, கம்பாஷன் கம்பாஷன் என்று வரிக்கு வரி வந்தது. மாவு கரைத்துக்கொண்டிருந்த அஞ்சலாட்சிக்குச் சுரீர் என்றது. "அந்த எழவு வார்த்தைய இந்த ஊட்டுல சொல்லாத" என்றாள். பிருந்தாவுக்குச் சிரிப்பு. "எம்மா, நீ நெனைக்கிறது இல்லம்மா. எங்க மேடம் சொன்னாங்க, கரையில நின்னுகினு ஐயோ பாவம்னு சொன்னா அது சிம்பதி. அவன் வலிய உன் வலியா எடுத்துகினு தண்ணியில குதிச்சேன்னு வெச்சிக்க, அதான் கம்பாஷன்" என்றாள். போடி வேலையற்றவளே, தண்ணியில குதிக்கிறவளுக்கு ஆர் சோறு போடுவா என்று வாயை அடைத்துவிட்டாள். அடைத்தது மகள் வாயைத்தான். வார்த்தை தொண்டையில் மீன்முள்ளாக நின்றுவிட்டது, அன்றிலிருந்து விழுங்கவும் முடியவில்லை துப்பவும் முடியவில்லை. இப்போது மாசிலாமணி ஒரு வார்த்தை சொன்னான், முள் அசைந்தது. சட்டையைக் கழற்றி மூஞ்சியில் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டான். சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினான். அந்த ஆலையில், அத்தனை ஆபீசர்கள், அத்தனை சங்கங்கள், ஆயுதபூஜை அன்னதானம் எல்லாம் இருக்கிற அந்த ஆலையில், அந்த வார்த்தைக்கு உரிய காரியத்தைச் செய்தது இந்த இரண்டு பேர். அதில் ஒருத்தனைத் தப்பு செய்தவன் என்று எழுதியாயிற்று, இன்னொருத்தனையும் அப்படியே எழுதப்போகிறார்கள், வார்த்தையை மட்டும் சச்சிதானந்தம் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருக்கிறார். வேண்டும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளிக் கொடுக்கிறார். இவளும் இத்தனை காலம் அதைக் கையேந்தி வாங்கி, வாங்கினதற்குத் தலையைக் குனிந்து, குனிந்து குனிந்து கழுத்தே அப்படி ஆகிவிட்டது. திருட்டுப் பயல்களா. அது என் புருஷன் சொத்துடா.

பெரியாஸ்பத்திரி வாசலில் மாசிலாமணி ஜீப்பை நிறுத்தினான். உள்ளே கொண்டு போனால் அடிப்பார்கள் என்று பயம். "நீங்க போயிட்டு வாங்கக்கா, நான் இங்கியே இருக்கேன்" என்றான். அவள் இறங்கினாள். பை சீட்டிலேயே இருந்தது. "யக்கா, பைய உட்டுட்டீங்க" என்றான். "எடுத்துனு போயி உங்க ஆபீசருக்கு ஆத்திக் குடு, நெறையப் பேசுறாரு, களைப்பா இருக்கும். நான் பஸ்ஸுல வந்துக்கறேன், நீ கெளம்பு" என்றாள். அவன் விழித்தான். பழைய வேப்பமரத்தை வெட்டிவிட்டு அந்த இடத்தில் தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள், மற்றபடி பிணவறை வாசல் அப்படியேதான் இருந்தது, அதே பினாயில் நாற்றம், அதே மஞ்சள் சுவர். போலீஸ்காரர்கள் பெஞ்சியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊர்சனம் தரையில். நடுவில் ஒரு கோரைப்பாயில் அந்தப் பெண். அழவில்லை. முட்டியைக் கட்டிக்கொண்டு பிணவறைக் கதவை மாத்திரம் பார்த்துக்கொண்டிருந்தாள், கழுத்தில் மஞ்சள் கயிறு இன்னும் புதுசாகவே இருந்தது. "மில்லுலேருந்து வந்துட்டாங்கடா" என்று ஒருத்தன் எழுந்தான். கூட நாலைந்து பேர் எழுந்தார்கள். அஞ்சலாட்சி நிற்காமல் நடந்தாள். அந்தப் பெண் தலையைத் தூக்கி, "உடு மாமா, வரட்டும்" என்றாள். பிறகு இவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்கதான் அந்தக் கம்பாஷனேட்டா?" என்று கேட்டாள்.

அந்தப் பெண்ணே தொடர்ந்தாள். "மில்லு ஆபீசரு போன்ல சொன்னாரு. கம்பாஷனேட்டு ஒருத்தங்க வருவாங்க, அவங்க சொல்றத கேட்டு நடந்துக்க, உன் வாழ்க்க நல்லாயிடும்னாரு. அப்டின்னா இன்னாக்கா?" கேலியில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். ஃப்ளோரா மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்ட இடம் இதுதான், சரியாக இதுதான். அஞ்சலாட்சி பாயின் ஓரத்தில், வெறுந்தரையில் உட்கார்ந்தாள். "உன் ஊட்டுக்காரரு எதுக்கும்மா தொட்டிக்குள்ள எறங்குனாரு?" என்று கேட்டாள். அந்தப் பெண்ணின் உதடு முதல்தடவையாகக் கோணியது. "உள்ள ஒருத்தரு உளுந்துட்டாருன்னு" என்றாள். "அதான். அதுக்குப் பேருதான் அது. என் ஊட்டுக்காரரும் அதத்தான் பண்ணாரு, அதே தொட்டியில. மில்லுக்காரன் குடுக்கறது அது இல்ல, அந்தப் பேரத் திருடி வெச்சிகினு வேற எதையோ குடுக்கறான். எனக்கு ஒரு நாற்காலியக் குடுத்தான். உனக்கு அதுவும் கெடையாது, சின்ன கேட்டு ஆளுக்குச் சட்டத்துலியே இல்ல. குடுக்கறேன்னு சொன்னா பொய். நல்லா கேட்டுக்க, நான் டைம் ஆபீசுல இருக்கறவ, எனக்குத் தெரியும்." சுற்றி நின்றவர்கள் சத்தத்தை விட்டுவிட்டுக் குனிந்து கேட்டார்கள். பெஞ்சியில் இருந்த போலீஸ்காரர்களில் ஒருத்தர் போனை மடியில் வைத்தார். அஞ்சலாட்சி அவரைப் பார்த்துக்கொண்டே குரலை உயர்த்தினாள். "எறக்குனவன் பேர எழுதற வரைக்கும் ஒடம்ப வாங்காத கண்ணு. வாங்குனியோ, இவரா போயி உளுந்தாருன்னு எழுதிடுவாங்க. நாளைக்கு இன்னொருத்தன எறக்குவாங்க" என்றாள்.

கைப்பைக்குள் போன் அடித்தது. வெல்ஃபேர் ஆபீசர். எடுத்தாள். "என்னம்மா, பேசிட்டீங்களா? ஒத்துக்கிட்டாங்களா?" என்று அதே தணிந்த குரல். "பேசிட்டேன் சார். ஒடம்ப வாங்கமாட்டாங்க" என்றாள். "ஏம்மா, நீங்க எப்டி உள்ள வந்தீங்கன்னு மறந்துடாதீங்க" என்றார் அவர். "மறக்கல சார். கலியபெருமாள் பொண்டாட்டியா வந்தேன். ஜீப்ப அனுப்பிட்டேன். இன்னிக்கு டைம் ஆபீசுல வேற யாரயாச்சும் உக்காரச் சொல்லுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். மழை மறுபடி பிடித்துக்கொண்டு, தகரத்தில் சடசடவென்று விழுந்தது. ரஞ்சனி தன் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, கொஞ்சம் நகர்ந்து, பாயில் இடம் விட்டாள்.